ஐந்து வார தீதி

நேபாளத்து நேரம் நம் நேரத்தைவிட 15 நிமிடம் முன்னால் ஓடும். காட்மாண்டுவில் இறங்கி மூன்று நாளாகியும் நான் கைக்கடிகாரத்தை மாற்றவில்லை, நான் வாலண்டியராகப் போயிருந்த பிள்ளைகள் காப்பகத்தில், அதாவது ஹோமில், எல்லாவற்றுக்கும் கால் மணி நேரம் பிந்தியே போய் நின்றேன். பிள்ளைகள் எனக்கு 'டிலோ தீதி' என்று பேர் வைத்துவிட்டார்கள். லேட் அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2018 செப்டம்பர் கடைசி அது. ஒரு வேலையை விட்டு அடுத்ததில் சேருவதற்கு நடுவே ஐந்து வாரம் கையில் இருந்தது, மனசும் அவ்வளவு சரியில்லை, எங்காவது போய் யாருக்காவது உபயோகமாக இருந்தால் தேவலை என்று தோன்றியது. சேவை மனப்பான்மை என்றெல்லாம் இப்போது அதற்குச் சாயம் பூச விரும்பவில்லை. காட்மாண்டுவை ஒட்டிய லலித்பூர் ஓரத்தில் மூன்று மாடி வீடு, 23 பிள்ளைகள், எல்லோரையும் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். ஒரு ஏஜென்சி மூலம் பணம் கட்டித்தான் போனேன். பணம் வந்ததா என்று பார்த்தார்களே தவிர, நான் யார், எப்படிப்பட்டவள் என்று ஒரு காகிதம்கூடக் கேட்கவில்லை. முதல் நாள் சாயங்காலமே பிள்ளைகள் தூங்கும் அறை வரை போய்விட்டேன். அப்போது அது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை, எவ்வளவு அன்பான இடம் என்றுதான் நினைத்தேன்.

வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே ஒரு சின்னவள் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஐந்து வயது இருக்கும். நான் உட்கார்ந்ததும் மடியில் ஏறிவிட்டாள், அன்று ராத்திரி வரை இறங்கவில்லை. எனக்கு அப்படியே உருகிவிட்டது. அறைக்கு வந்து தோழிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், "ஒரே நாள்ல ஒட்டிக்கிச்சுடி" என்று.

வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுப்பாடம், பென்சில் சீவுவது, நகம் வெட்டுவது. அங்கே வார விடுமுறை சனிக்கிழமை, அன்று மாடியில் வெயிலில் வரிசையாக உட்கார வைத்துத் தலைக்குக் குளிப்பாட்டி, பேன் சீப்பால் வாரிவிட வேண்டும். ஈர் எடுக்கும் விஷயத்தில் நான் கெட்டிக்காரி, அதில் மட்டும் எனக்கு நல்ல பேர். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்களில் மூத்தவரைப் பிள்ளைகள் 'ஆமா' என்று கூப்பிடுவார்கள். நேபாளியில் அம்மாவுக்கு அதுதான் சொல். மாடியிலிருந்து ஒன்று "ஆமா!" என்று கத்தும், கீழேயிருந்து இன்னொன்று "ஆமா!" என்று கத்தும். முதல் வாரம் முழுக்க, நான் கேட்காத கேள்விக்கெல்லாம் வீடே ஆமா போடுவது மாதிரி இருந்தது.

ஒட்டாத பையன் ஒருவன் இருந்தான். பதினொரு வயது, ஊர் ஹும்லா. வடமேற்கு மூலையில் திபெத்தை ஒட்டிய மாவட்டம். அதன் தலைநகரான சிமிகோட்டுக்கு அப்போது நெடுஞ்சாலை கிடையாது, நேபால்கஞ்சிலிருந்து சின்ன விமானத்தில் போகலாம், இல்லாவிட்டால் நாள்கணக்கில் நடை. அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தையே "கஹிலே ஜானே?" என்பதுதான். எப்போது போவீர்கள்? தேதியைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு கேரம் போர்டில் போரிக் பவுடரைத் தூவப் போய்விட்டான். அப்புறம் தினமும் சாயங்காலம் நாங்கள் இருவரும் ஆடினோம். என் அரைகுறை இந்திக்கு அங்கே பெரிய வேலையில்லை. ரெட் போட்டால் ஃபாலோ போட வேண்டும் என்ற சட்டத்தில் மட்டும் இரக்கமே இல்லாமல் இருந்தான். நான் ஃபாலோவைக் கோட்டை விட்டால் ஒரு வார்த்தை பேசாமல் ரெட்டை எடுத்து நடுவில் வைப்பான், அந்த அழகே அழகு.

தசைன் வந்தது, நம் தசராதான். பள்ளிக்கூடம் மூடி, மொட்டை மாடிகளுக்கு மேலே காத்தாடியாகப் பறந்துகொண்டிருந்த சமயம். நாளையிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள் என்று ஆமா சொன்னார்.

"யார் வீட்டுக்கு?" என்று கேட்டேன். நிஜமாகவே கேட்டேன்.

ஒரு மாதிரி பார்த்தார். "அவங்கவங்க வீட்டுக்குத்தான்."

23 பேரில் 14 பேரைக் கூட்டிப்போக ஆள் வந்தது. அப்பா, சித்தி, பாட்டி. சின்னவளுக்கு அவள் அம்மாவே வந்திருந்தார். பௌத்தா பக்கம் கம்பளம் நெய்கிற வேலையாம், பஸ்ஸில் வந்தால் ஒரு மணி நேரம். வாசற்படிக்கு அந்தப் பக்கமே குந்தி உட்கார்ந்தார், உள்ளே வரவில்லை. பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்துச் சால்வை முனையில் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டார், கூப்பிடவும் இல்லை. சின்னவள் திண்ணைத் தூணுக்குப் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்த ஒரே நிமிடத்தில் கழுத்தைக் கட்டியவள். எவ்வளவு நேரம் அப்படியே போனதென்று தெரியவில்லை, கடைசியில் தூணை விட்டு ஓடி வந்தாள், வந்தது என்னிடம். என் குர்த்தாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த அம்மா எழுந்து நின்று, சிரித்து, கொய்யாவோடு கையைக் கூப்பி எனக்கு நமஸ்தே சொன்னார்.

பதிலுக்குக் கும்பிட்டேனா என்று ஞாபகமில்லை.

பிள்ளையை ஏன் இங்கே விட்டீர்கள் என்று அவரிடம் கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை, ஆமாவிடம்தான் கேட்டேன். இங்கிலீஷ் பள்ளிக்கூடம், மூன்று வேளைச் சாப்பாடு, வேறென்ன என்றார். அன்று ராத்திரி உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன், போவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியதை. உலகம் முழுக்கக் காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ யாராவது ஒருவர் உயிரோடு இருக்கிறார்கள். நேபாளத்தில் பெரும்பாலான ஹோம்கள் காட்மாண்டு பள்ளத்தாக்கு, பொக்ரா, சித்வன் என்று வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகும் இடங்களிலேயே இருக்கின்றன, ஹும்லாவில் இல்லை. 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, படிக்க வைக்கிறோம் என்று சொல்லி அந்த மலைக் கிராமங்களிலிருந்து தரகர்கள் பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அநாதை என்று கள்ளக் காகிதம் தயாரித்த கதைகளும் உண்டு. 2015 ஏப்ரல் பூகம்பத்துக்குப் பிறகு உரிய காகிதமில்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோவதை அரசாங்கமே தடுக்க வேண்டி வந்தது. நான் போன அதே 2018-இல் ஆஸ்திரேலியா, ஹோம்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதையும் நவீன அடிமைத்தனத்தில் சேர்த்தது. என் ஹோம் அந்த ரகம் என்று சொல்லவில்லை, அந்த இரண்டு பெண்களும் மாடாக உழைத்தார்கள். ஆனால் வாலண்டியர்கள் கட்டும் பணத்தில் ஓடும் வீட்டில் பிள்ளைகள் இருந்தே ஆக வேண்டும், இல்லையா?

இன்னொன்றும் படித்தேன். ருமேனியக் காப்பகக் குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் எழுதியது. பார்த்துக்கொள்ளும் ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் வளரும் பிள்ளைகளில் சிலர், முன்பின் தெரியாத யாரிடமும் சட்டென்று ஒட்டிக்கொள்வார்களாம். அதைப் பாசம் என்று அவர்கள் சொல்லவில்லை. என் வாய்ஸ் மெசேஜை அழிக்கலாமா என்று பார்த்தேன், தோழி கேட்டாகிவிட்டது.

மீதி இரண்டரை வாரமும் அங்கேதான் இருந்தேன். பாதியில் கிளம்பினால் அது இன்னும் மோசம் என்று தோன்றியது. ஆனால் யாரையும் மடியில் ஏற்றிக்கொள்ளவில்லை. பேன் வாருவது உண்டு. மற்ற நேரமெல்லாம் ஆமாவோடு சமையலறையில் நின்றேன், கணக்கு நோட்டை எழுதிக் கொடுத்தேன். சின்னவள் திரும்பி வந்தபோது நெற்றியில் தசைன் டீக்காவின் சிவப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மடிக்கு வந்தவளை ஆமா பக்கம் திருப்பிவிட்டேன். சுலபமாகத்தான் போனாள், அதுவும் ஒரு வலிதான்.

வழியனுப்புவதற்கு அங்கே ஒரு முறை இருந்தது. டிரங்குப் பெட்டியிலிருந்து வெள்ளைப் பட்டுத் துண்டு, நெற்றியில் டீக்கா, ஒரு பாட்டு, எந்த வரியில் கையசைக்க வேண்டும் என்று நண்டு சிண்டுக்குக்கூடத் தெரிந்திருந்தது. எத்தனை பேருக்குப் பாடியிருப்பார்கள். ஹும்லாப் பையன் பாடவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து என் கைக்கடிகாரத்தைக் காட்டினான். கிளம்புகிற அன்றும் அது பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை ஏழு மணிக்குப் பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன், ஆமாவின் போனில். இத்தனை வருடத்தில் நாலைந்து வாரம் தவறியிருக்கும், அதில் பாதி என் தப்பு. பையன் இப்போது வளர்ந்துவிட்டான், குரல் உடைந்து, சொந்த போன் வந்து, நேபால்கஞ்சில் மாமா வீட்டில் இருக்கிறான். பேச்சு என்னவோ பெரும்பாலும் கேரம்தான். அவனுக்கு ஏழு அடிக்கும்போது எனக்கு ஆறே முக்கால். குக்கரைக்கூட இறக்கியிருக்க மாட்டேன், போன் அடிக்கும். எடுத்தால் முதல் வார்த்தை, "டிலோ."