லாக்கில் உள்ள நேரத்தை நம்புவதற்கு முன்: என்டிபி படித்த அனுபவம்

சிசிஎன்ஏ என்ற சிஸ்கோவின் நெட்வொர்க் தேர்வுக்குப் படித்த நாட்களில் என்டிபிக்கு, அதாவது நெட்வொர்க் சாதனங்களின் கடிகாரங்களை ஒத்திசைக்கும் நெறிமுறைக்கு, நான் ஒதுக்கியது மொத்தம் 20 நிமிடம். 'என்டிபி சர்வர்' என்று எழுதி, பக்கத்தில் ஐபி முகவரியைப் போட்டால் வேலை முடிந்தது என்று நோட்டில் ஒரே வரியில் குறித்துவிட்டு, ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று வழிகளைச் சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் பக்கம் போய்விட்டேன். அந்த ஓஎஸ்பிஎஃப்தான் என்னைத் திரும்ப இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

நானும் உடன் படித்த நண்பரும் பழைய ரூட்டர்களை வைத்துப் பயிற்சி செய்வோம். ஒருவர் எதையாவது கெடுத்து வைக்க வேண்டும், மற்றவர் லாக்கை (ரூட்டர் தன் நிகழ்வுகளை நேரத்தோடு எழுதும் பதிவை) மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அன்று நான் கண்டுபிடிக்கும் முறை. இரண்டாம் ரூட்டரின் லாக்கில் 14:01:27க்கு ஓஎஸ்பிஎஃப் நெய்பர் (பக்கத்து ரூட்டர்) போய்விட்டதாக ஒரு வரி. முதல் ரூட்டரில் 14:02:11க்கு இன்டர்ஃபேஸ் டவுன். இரண்டாம் ரூட்டரில்தானே முதலில் கோளாறு என்று அதன் கான்ஃபிகரேஷனை வரி வரியாகப் பார்த்தேன். ஒரு மாலை முழுக்கப் போனது. உண்மையில் நண்பர் செய்தது முதல் ரூட்டரின் கேபிளைப் பிடுங்கியது மட்டுமே. நடுவில் சுவிட்ச் இருந்ததால் இரண்டாம் ரூட்டருக்கு லிங்க் போனது தெரியவில்லை. பக்கத்து ரூட்டரிடமிருந்து செய்தி வராமல் காத்திருக்கும் 40 விநாடி டெட் டைமர் முடிந்த பிறகுதான் நெய்பரை விட்டது. பிறகு நடந்தது லாக்கில் முன்னால் வந்து நிற்கக் காரணம், அந்த ரூட்டரின் கடிகாரம் 80 விநாடி பின்தங்கியிருந்தது.

இரண்டிலும் சில வாரங்களுக்கு முன் 'கிளாக் செட்' போட்டு நேரம் வைத்தது நான்தான். சாதாரண குவார்ட்ஸ் படிகம் ஒரு நாளைக்கு 1, 2 விநாடி தவறுவது இயல்பு. கையால் வைத்த நேரம் இப்படித்தான் விலகிக்கொண்டே போகும்.

அதனால் இதற்குத் தயாராகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கமாண்டில் தொடங்காதீர்கள். என்டிபி நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறது என்பதை ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். கிளையன்ட் தன் கடிகாரப்படி 10வது விநாடியில் கேள்வி அனுப்புகிறது. சர்வருக்கு அது 95ல் கிடைக்கிறது, 96ல் பதில் கிளம்புகிறது, கிளையன்ட் கையில் 13ல் வந்து சேர்கிறது. போக வர மொத்தம் 3 விநாடி, அதில் 1 விநாடி சர்வரிலேயே போனது. ஆக வழியில் கழிந்தது 2. இனி போகும்போது உள்ள வித்தியாசம் 85, வரும்போது 83, சராசரி 84. கிளையன்ட் 84 விநாடி பின்தங்கியிருக்கிறது என்று அர்த்தம். போகும் வழியும் வரும் வழியும் ஒரே அளவு நேரம் எடுக்கும் என்ற ஊகத்தில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. இதைப் போட்டுப் பார்த்த பிறகு டிலே (வழியில் கழிந்த அந்த 2), ஆஃப்செட் (கடிகார வித்தியாசமான அந்த 84) என்ற இரண்டு சொற்களையும் நான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஸ்ட்ராட்டம், அதாவது மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனை படி தள்ளி என்ற எண், எளிது. அணுக்கடிகாரம், ஜிபிஎஸ் ரிசீவர் போன்றவை 0. அதோடு நேரடியாக இணைந்த சர்வர் 1. அதனிடம் நேரம் வாங்குவது 2. இப்படியே 15 வரை போகும், 16 என்றால் இன்னும் ஒத்திசையவில்லை. சிஸ்கோ ரூட்டரில் 'என்டிபி மாஸ்டர்' என்று மட்டும் போட்டால் அது தன்னை 8 என்று சொல்லிக்கொள்ளும், அதன் கிளையன்ட் 9 ஆகும். என்டிபி பயன்படுத்தும் போர்ட் யூடிபி 123. இதற்கு மேல் இங்கே நேரம் செலவழிக்க வேண்டாம்.

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் 'ஷோ என்டிபி அசோசியேஷன்ஸ்' என்ற கமாண்ட். முகவரிக்கு முன்னால் அலைக்குறி (~) மட்டும் இருந்தால் சர்வரை எழுதி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். நட்சத்திரக் குறியும் (*) சேர்ந்தால்தான் அந்த சர்வரோடு ஒத்திசைந்திருக்கிறது. அலைக்குறியைப் பார்த்ததும் சரி, ஆகிவிட்டது என்று நகர்ந்துவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் முதலில் அப்படித்தான் படித்து வைத்திருந்தேன்.

அடுத்து அதிலேயே ரீச் என்ற நெடுவரிசை. கமாண்டைப் போட்டுவிட்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதையே பாருங்கள். 1, 3, 7, 17, 37, 77, 177, 377 என்று ஏறும். கடைசி 8 முயற்சிகளில் எதெதற்குப் பதில் வந்தது என்பதை 8 பிட்டுகளில் வைத்து, ஆக்டலில் (எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ணில்) காட்டுகிறது. எட்டும் வந்தால் 377. 64 விநாடிக்கு ஒருமுறை கேட்டால் அதற்குச் சுமார் 8 நிமிடம் ஆகும். ரீச் 0லேயே நின்றால் பதிலே வரவில்லை. எனக்கு ஒருமுறை அப்படி நின்றது, நானே போட்ட ஏசிஎல் (எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்ற விதிப்பட்டியல்) யூடிபி 123ஐத் தடுத்துக்கொண்டிருந்தது. ரீச் ஏறுகிறது ஆனால் நட்சத்திரம் வரவில்லை என்றால் பெரும்பாலும் பொறுமைதான் மருந்து. அந்த நேரத்தில் பதறிப்போய் கமாண்டை அழித்து மறுபடி போட்டால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். தேர்வுக்கு முன் லேபில் ஒருமுறையாவது அந்த 8 நிமிடத்தையும் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

கடிகாரம் சரியாகிவிட்டால் லாக்கும் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 'சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் லாக்' என்பதில் அப்டைம் என்று இருந்தால், லாக்கில் வருவது ரூட்டர் ஆன் ஆகி எவ்வளவு நேரமாயிற்று என்பதுதான். அதற்குப் பதில் டேட்டைம் (தேதி, நேரம்), எம்செக் (மில்லிவிநாடி) இரண்டையும் சேர்க்க வேண்டும். டைம்சோன் வைத்துவிட்டு லோக்கல்டைம் சேர்க்க மறந்தால் 'ஷோ கிளாக்' ஒரு நேரம் காட்டும், லாக் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வரும். என் கருத்தில் எல்லாச் சாதனங்களையும் யுடிசியிலேயே விட்டுவிடுவது நல்லது. கோடைகால நேர மாற்றம் வந்தாலும் வரிசை குலையாது. லாக் வரியில் நேரத்துக்கு முன்னால் நட்சத்திரம் இருந்தால் அந்த நேரத்தை நம்பாதீர்கள். அசோசியேஷன்ஸில் நல்ல செய்தி சொல்லும் அதே குறி, இங்கே நேர்மாறாக, கடிகாரம் நம்பத்தக்கதல்ல என்று சொல்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க நோட்டில் எதிரெதிர் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

அத்தென்டிகேஷனில் ஒன்றே ஒன்று. சாவி, சர்வர் உண்மையானதுதானா என்று கிளையன்ட் சோதிப்பதற்காக. சர்வரில் சாவி வைத்ததால், சாவி இல்லாத கிளையன்ட்டுக்கு நேரம் கிடைக்காமல் போகாது. அதைத் தடுக்க வேண்டுமென்றால் ஏசிஎல் வேண்டும்.

சிசிஎன்ஏ தேர்வான 200-301ன் பாடத்திட்டத்தில் ஐபி சர்வீசஸ் பகுதிக்கு 10 சதவீதம். என்டிபியை கிளையன்ட், சர்வர் இரண்டாகவும் அமைத்துச் சரிபார்க்கத் தெரிய வேண்டும் என்று அதில் இருக்கிறது. தேர்வுக் கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது, சொல்லப்போவதில்லை. ஆனால் 'சரிபார்க்க' என்ற அந்தச் சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டு படித்தேன்.

தேர்வுக்கு முந்தைய வாரம் ரூட்டர்கள் எல்லாவற்றையும் ஒரே என்டிபி சர்வரோடு ஒத்திசைத்து, லாக்குகளை லாக்குகளைச் சேகரிக்கும் ஒரே சிஸ்லாக் சர்வருக்கு அனுப்பி, நண்பரை மறுபடி கேபிளைப் பிடுங்கச் சொன்னேன். முதல் ரூட்டரின் இன்டர்ஃபேஸ் டவுன் என்ற வரி முதலில் வந்தது. 36 விநாடி கழித்து, அதற்குக் கீழே, இரண்டாம் ரூட்டரின் டெட் டைமர் வரி.