சார்ல்ஸ்டன்ல பழைய பங்களா வாங்கின கதை

ஏழு மாசம் இழுத்து போன மாசம்தான் சாவி கைக்கு வந்துச்சு. அமெரிக்கால சவுத் கரோலினா, சார்ல்ஸ்டன். 1840கள்ல கட்டின வீடு, "முழுசா புதுப்பிச்சது"ன்னு விளம்பரம். இங்க சிங்கிள் ஹவுஸ்னு சொல்ற மாடல், அகலத்துக்கு ஒரே ரூம், ரோட்டுக்கு பக்கவாட்டுல திரும்பி நிக்கும், தெருக்கதவத் திறந்தா வீடு வராது, பியாசான்னு சொல்ற நீள வராண்டாதான் வரும். வீடியோ கால்ல பாத்துட்டு எங்கம்மா "ஏன்டா, தலைவாசல் எங்கடா?"ன்னாங்க, வாஸ்து பேச்ச அன்னிக்கே மூடிட்டேன்.

புதுப்பிச்சதுன்னா எதன்னு கேக்கணும்ங்க. கிச்சன், பாத்ரூம் எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. பழைய செங்கல் வேலை தெரிஞ்ச ஒருத்தர தனியா கூட்டிட்டுப் போனேன், அவர் கார் சாவிய எடுத்து பின்சுவத்துல செங்கல் இடுக்க சுரண்டினார், ஒரு எடத்துல பொலபொலன்னு கொட்டுச்சு, நாலடி தள்ளி சுரண்டினா சாவிதான் தேயுது. கொட்டுறதுதான் நல்லதாம், அது சுண்ணாம்புக் காரை. மத்தது யாரோ சிமெண்ட் வெச்சு அடைச்சது. பழைய செங்கல் மெத்துன்னு இருக்கும், சுவத்து ஈரம் காரை வழியா வெளிய போகணும், சிமெண்ட் அடைச்சிட்டா செங்கல் வழியா வந்து செங்கலே பொரிஞ்சு உதிரும். அத வெச்சுத்தான் விலைய குறைச்சோம்.

சுவத்துல வட்டமா இரும்புத் தகடு இருந்தா பயப்படாதீங்க, 1886 நிலநடுக்கத்துக்கு அப்புறம் குறுக்க கம்பி விட்டு இறுக்கினது.

பின்னாடி இருக்கற சின்ன கட்டடத்த "கெஸ்ட் ஹவுஸ்"னு போட்டிருந்தாங்க. அது சமையக்கட்டு, மாடில அடிமையா வெச்சிருந்தவங்க தங்கின எடம். அங்க ஒரு செங்கல்ல மூணு சின்ன விரல் தடம், ஈரமண்ணா இருக்கும்போது பதிஞ்சது. என் பொண்ணு விரல வெச்சுப் பாத்தா, சரியா இருந்துச்சு. அவளுக்கு எட்டு வயசு. வீடு காட்ட வந்தவர் அந்தப் பக்கமே வரல.

கரையான் ரிப்போர்ட் (சி.எல். 100ன்னு கேளுங்க) சீக்கிரம் முடிஞ்சது. இங்க வக்கீல் வெச்சுத்தான் கிரயம், அவர் பழைய பத்திரம் எல்லாம் பாக்கும்போது ஈஸ்மென்ட்னு ஒரு கட்டுப்பாடு வந்துச்சு, பழைய ஓனர் முகப்புல கைவைக்க மாட்டேன்னு ஒரு பாதுகாப்பு அமைப்புக்கு நிரந்தரமா எழுதிக் குடுத்திருக்கார், அது நம்மளையும் கட்டும். ஜன்னல் மாத்தணும்னா அவங்க ஒரு அனுமதி, பழைய கட்டடங்கள்ல மாத்தம் பண்றதப் பாக்க 1931லேந்து இருக்கற சிட்டி போர்டு இன்னொரு அனுமதி.

ஆனா தூக்கம் போனது வெள்ள இன்சூரன்ஸ்லதான். அரசு பாலிசில கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர்தான், மேல வேணும்னா தனியார். எலிவேஷன் சர்டிபிகேட் (வீடு எவ்வளவு உயரத்துல இருக்குன்னு அளந்து குடுக்கற சான்று) இருக்கான்னு மொத நாளே கேளுங்க, நான் கேக்காம மூணு வாரம் போச்சு. சொந்தமா குடியிருந்தா வீட்டு மதிப்புல 4%-க்குத்தான் வரி போடுவாங்க, இல்லன்னா 6%-க்கு, அந்த 4% தானா வராது, கவுண்ட்டில எழுதிக் குடுக்கணும்.

குடி வந்த மறுநாளே மழை, கூடவே ஹை டைட், கடல் தண்ணி ஏறுற நேரம். பக்கத்து வீட்டம்மா கதவத் தட்டி, வெல்கம் எல்லாம் அப்புறம், மொதல்ல உன் கார எடுத்து அடுத்த தெருல போடுன்னாங்க.