ஆடியில் வந்த புனிதர்கள்

ஆடி பிறந்தால் தர்மபுரியில் அச்சகக்காரர்களுக்கு வேலை படுத்துவிடும். கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது. கண்ணீர் அஞ்சலி மட்டும் மாதம் பார்க்காமல் வரும். அப்படி ஓர் ஆடியில்தான் பங்குச் சாமியார் ஒருவர் மஞ்சள் பை நிறையக் கையெழுத்துத் தாள்களோடு எங்கள் கடைப்படி ஏறினார். ஏழ்மையிலும் தவத்திலும் வாழ்ந்த கத்தோலிக்கப் புனிதர்களின் வரலாறு. 112 பக்கம், தாளுக்குப் பதினாறு பக்கமாக ஏழு பாரம், 500 பிரதி. அக்டோபர் 4, பிரான்சிஸ் அசிசியார் திருநாளுக்குள் கையில் கொடுக்க வேண்டும்.

நான் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பிள்ளை. மேட்டர் எந்தச் சாமியுடையதாக இருந்தாலும் டைப் அடிப்பவனுக்கு ஒன்றுதான்.

எழுதியிருந்தவர் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஓய்வு பெற்ற உபதேசியார், கோயிலில் வேதபாடம் சொல்லிக் கொடுத்தவர். பழைய காலத்துத் தமிழ். புனிதர் என்று எழுத மாட்டார், அர்ச்சியசிஷ்டர்தான். தவம் இல்லை, தபசு. ஏழ்மைக்கு அவர் போட்டிருந்த சொல்தான் என்னைப் படாத பாடு படுத்தியது: தரித்திரம். எங்கள் வீட்டில் அது வாயில் எடுக்கக் கூடாத சொல். விளக்கு வைக்கிற நேரத்தில் படுத்தால், "எழுந்திருடா, தரித்திரம் பிடிச்சுக்கும்" என்பார் அம்மா. அதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை அடிக்க வேண்டியிருந்தது. அசிசியார் தரித்திரத்தை மணமகளாகக் கொண்டார் என்ற வரியில் கை நின்றேவிட்டது. பத்திரிகை அடிக்கிற கடையில் இப்படியொரு கல்யாணமா?

சாமியாருக்கும் அந்தச் சொல் பிடிக்கவில்லை. 'எல்லாம் ஏழ்மைன்னு மாத்திடுங்க தம்பி' என்று போனில் சொன்னார். சரி, ஒரே அமுக்கில் முடிக்கிற வேலைதானே என்று 'தரித்திர' வருகிற இடமெல்லாம் 'ஏழ்மை' ஆகும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் தரித்திரத்தை எல்லாம் ஏழ்மைத்தை. தரித்திரர் எல்லாம் ஏழ்மைர். பழைய பைலையும் சேமித்து வைக்கவில்லை. இனி வரி வரியாகக் கையால் திருத்துவதைத் தவிர வழியில்லை.

அப்போதுதான் உண்மையில் படித்தேன். அடிக்கும்போது நாங்கள் படிப்பதில்லை, விரல் பாட்டுக்குப் போகும். திருத்தும்போது நின்று பார்த்தே ஆக வேண்டும்.

அசிசியாரின் அப்பா துணி வியாபாரி என்பதே எனக்குச் செய்தி. மகன் கடைத் துணியையும் குதிரையையும் விற்று, இடிந்த கோயிலைச் செப்பனிடப் பணத்தை நீட்டுகிறான். அப்பா பிராது கொடுக்கிறார். ஆயர், அதாவது பிஷப், முன்னால் மகன் உடுத்தியிருந்ததையும் கழற்றி அப்பாவிடமே கொடுத்துவிடுகிறான். எங்கள் முதலாளி அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "அப்பன் பாவம்டா" என்றார். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் பட்டது.

அல்காந்தரா பேதுரு என்று ஒரு ஸ்பானியத் துறவி. 40 ஆண்டு, நாளுக்கு ஒன்றரை மணி நேரத் தூக்கம், அதுவும் உட்கார்ந்தபடி. அவரை அறிந்த ஸ்பானியப் புனிதை அவிலா தெரேசாள் எழுதி வைத்திருக்கிறார். முகூர்த்த சீசனில் பேப்பர் கட்டுமேல் சாய்ந்து நாங்கள் தூங்குவதும் அவ்வளவுதான். உடம்பை இப்படி வதைப்பதில் என்ன புண்ணியம் என்று எனக்கு விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

கிளாராள் வேறு மாதிரி. அசிசியாரைப் பின்பற்றி சான் தமியானோவில் மடம் அமைத்தவர். மடத்துக்குச் சொத்து வைத்துக்கொள்ளும்படி போப்பாண்டவரே சொல்லியும் மறுத்தார். எங்களுக்கு எதுவும் சொந்தமாக இருக்கக் கூடாது, அதற்கு அனுமதி எழுதித் தாருங்கள் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டார். அப்படி அவர் எழுதிய மடத்துச் சட்டத்துக்கு ஒப்புதல் வந்தது 1253 ஆகஸ்ட் 9. ஆகஸ்ட் 11ல் கண்மூடினார். வருமானச் சான்றுக்கும் வறுமைக்கோட்டுப் பட்டியலுக்கும் தாலுகா ஆபீசில் வரிசையில் நின்ற ஆள் நான். ஒன்றும் வேண்டாம் என்பதற்கும் ஒருத்தி காகிதத்துக்காக அலைந்திருக்கிறாள்!

ஆனால் மனதில் ஒட்டிக்கொண்டது ஒரு சின்ன சம்பவம். நடுராத்திரி. சகோதரர்கள் எல்லாரும் நோன்பில். ஒருவன் பசி தாங்காமல், சாகிறேன் சாகிறேன் என்று கத்துகிறான். அசிசியார் எழுந்து விளக்கேற்றச் சொல்லி, இருந்ததை எடுத்து வைக்கச் சொல்கிறார். அவன் தனியாகத் தின்றால் கூச்சப்படுவான் என்று தானும் உட்கார்ந்து சாப்பிடுகிறார், மற்றவர்களையும் சாப்பிட வைக்கிறார். அன்றிரவு களி கிண்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். துடுப்பை நிறுத்தாமல், "அந்தச் சாமிக்கு விவரம் தெரிஞ்சிருக்கு" என்றார். கல்யாண வீட்டுப் பந்தியில் கடைசி ஆள் எழும்வரை இலையை மூடாமல் எதையாவது கொறித்துக்கொண்டிருப்பது அம்மாவின் வழக்கம்.

ப்ரூஃப் பார்க்க உபதேசியாரே பஸ் ஏறி வந்தார். சிவப்புப் பேனா, கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி. ஏழ்மையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏங்கய்யா, தரித்திரம்னா திட்டுற மாதிரி இல்லீங்களா?" என்றேன்.

"திட்டுற மாதிரிதான் தம்பி இருக்கணும். ஜனங்க எதைப் பார்த்து ஓடுறாங்களோ அதைத்தானே அவரு கட்டிக்கிட்டாரு. ஏழ்மைன்னா மேடையில பேசுற மாதிரி இருக்குது."

ஆனாலும் சாமியார் சொல்லுக்கு மறுப்புச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். ஏழ்மை மாதிரி கீழ்ப்படிதலும் துறவிகள் எடுக்கிற ஒரு வார்த்தைப்பாடு, சத்தியம், என்று சொல்லிச் சிரித்தார். அவர் கண்ணுக்கே தப்பியது ஒன்று. இரண்டாம் பாரத்தில் வலப்பக்கங்களின் தலைப்பில் 'அசிசியார் சரித்திரம்' என்று வர வேண்டும். வாரம் முழுக்க அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டிய என் விரல் அங்கே 'அசிசியார் தரித்திரம்' என்று அடித்திருந்தது. எட்டுப் பக்கத்திலும். மடிக்கும்போதுதான் தெரிந்தது. 500 தாளும் வீண். என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு மறுபடி ஓட்டினார் அண்ணன்.

ஆவணி பிறந்தது. பத்திரிகைக் கட்டுகளைச் சுற்ற அந்தத் தாளைத்தான் உருவினேன். அண்ணன் ஓடிவந்து பிடுங்கினார். "டேய், கல்யாண வீட்டுக்குப் போற கட்டுடா, தலைப்பைப் பாரு!" மொத்தத்தையும் பழைய பேப்பர் கடைக்குப் போடச் சொன்னார்.

போடுவதற்குள் புத்தகக் கட்டை வாங்க உபதேசியார் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டு, பத்துத் தாள் எண்ணி எடுத்துச் சுருட்டிக்கொண்டார். நோட்டுக்கு அட்டை போடவாம்.