ஆறு சிவப்பு, ஆறு கருப்பு

சனிக்கிழமை காலை ஆறரை மணி. சாவியைத் திருப்பினேன். ஆல்டோ ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அடங்கிவிட்டது. முன் சீட்டில் அம்மா, மாங்காடு கோயிலுக்குப் போவதற்காக அர்ச்சனைப் பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். “என்னடா, பெட்ரோல் போடலையா?” என்றார். எதிர் வீட்டு அண்ணனும் பால்காரரும் பின்னால் தள்ள, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டு ஒருவழியாகக் கிளப்பினோம்.

பேட்டரி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் பழைய செட்டை எடுத்துவிட்டுப் புது ஸ்டீரியோ மாட்டியிருந்தேன். மாட்டிக்கொடுத்த கடைக்காரர் இருபதே நிமிடத்தில் வேலையை முடித்து, பாட்டு போட்டுக் காட்டி, காசு வாங்கிக்கொண்டார். நானும் அன்று அந்த வேகத்தைப் பாராட்டிவிட்டுத்தான் வந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுப்பவன். எங்கே காசு ஒழுகுகிறது என்று தேடுவது பழக்கம். கரண்ட் எங்கே ஒழுகுகிறது என்று தேடுவதும் அதே வேலைதானே என்று 300 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன்.

முதல் வேலை, செலவு எவ்வளவு என்று பார்ப்பது. பேட்டரியின் நெகட்டிவ் முனையை 10ஆம் நம்பர் ஸ்பேனரால் கழற்றி, கழற்றிய வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை வைக்க வேண்டும். மீட்டரில் தொட்டுப் பார்க்கும் சிவப்பு முள்ளின் வயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றியாக வேண்டும். கதவுகளை மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே எரியும் டோம் லைட்டும் கணக்கில் சேர்ந்துவிடும். சாவி என் பாக்கெட்டில். வண்டி தூங்குகிறது. மீட்டரோ 0.28 ஆம்பியர் என்கிறது. ரேடியோவின் ஃபியூஸை உருவியதும் 0.01க்கு இறங்கிவிட்டது.

0.28ஐ 24ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 6.7 ஆம்பியர்-மணி. என் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. பள்ளிக்கு நான் போவது பைக்கில், கார் வாரம் முழுக்க நிழலில்தான் நிற்கும். ஐந்து நாளில் 33க்கு மேல் செலவு, வரவு சைபர். சனிக்கிழமை ‘டக்’ என்காமல் என்ன செய்யும்?

கடைக்காரரிடம் போனில் சொன்னேன். “மஞ்சளும் சிவப்பும் ஒண்ணா முறுக்கித்தான் சார் கொடுத்திருக்கேன். ரெண்டும் பன்னெண்டு வோல்ட்தானே?” என்றார்.

இரண்டும் பன்னிரண்டு வோல்ட்தான். ஆனால் ஒரே கணக்கு இல்லை. வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களில் மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டியது. கடிகாரமும் சேமித்து வைத்த ஸ்டேஷன்களும் அதை நம்பித்தான் உயிரோடிருக்கின்றன, செட்டின் பெரிய கரண்ட்டும் அதன் வழியாகத்தான் போகிறது. சிவப்பு வயர் வெறும் தகவல் சொல்பவன்: சாவி போட்டாச்சு, எழுந்திரு, சாவி எடுத்தாச்சு, படு. இரண்டையும் சேர்த்துப் பேட்டரியில் முறுக்கிவிட்டால் சாவி எடுத்த சேதி செட்டுக்குப் போய்ச் சேராது. முகப்பில் பட்டனை அமுக்கி அணைத்தாலும் உள்ளே பாதித் தூக்கத்தில் விழித்துக்கொண்டே கிடக்கும். இரண்டையும் சேர்த்துச் சாவி வயரில் கொடுத்திருந்தால் பேட்டரி பிழைத்திருக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் கடிகாரம் அழிந்திருக்கும். இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தாலும் அதே கதைதான்.

சரி, சிவப்பை மட்டும் பிரித்துச் சாவி வயரில் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று ஞாயிறு காலை செட்டை வெளியே இழுத்தேன். இரண்டு பக்கமும் தட்டையான தகட்டுச் சாவிகளைச் செருகினால் நழுவி வந்துவிடுகிறது. பின்னால் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. செட்டின் பக்கம் எல்லாம் ஒழுங்கு: மஞ்சள், சிவப்பு, கருப்பு, ஆரஞ்சு, ஸ்பீக்கருக்கு வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா. காரின் பக்கம்? எனக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவர் காலத்திலேயே யாரோ சாக்கெட்டை வெட்டி எறிந்துவிட்டு, சிவப்பு-கருப்பு ஜோடி வயரால் எல்லாவற்றையும் நீட்டியிருக்கிறார்கள். இன்சுலேஷன் டேப் சென்னை வெயிலில் உருகி வெல்லப்பாகு மாதிரி விரலில் ஒட்டியது. பிரித்து எண்ணினேன். பன்னிரண்டு முனைகள். ஆறு சிவப்பு, ஆறு கருப்பு.

நிறத்தை நம்ப முடியாது என்பதால் பழைய காலண்டர் அட்டையில் பன்னிரண்டு வெட்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு முனையைச் செருகி, மாஸ்கிங் டேப்பில் நம்பர் எழுதி ஒட்டினேன். ஒன்றோடொன்று உரசக்கூடாது, அதுதான் முக்கியம்.

எதிர் வீட்டு அண்ணன் உதவிக்கு வந்தார், கையில் வீட்டு டெஸ்டரோடு. ஒவ்வொரு முனையிலும் வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, எதுலயும் கரண்டே இல்லையே” என்றார். அந்த டெஸ்டரின் கைப்பிடிக்குள் இருப்பது நியான் விளக்கு. வீட்டின் 230 வோல்ட்டுக்கு எரியும், பன்னிரண்டு வோல்ட்டை அது ஏறிட்டும் பார்க்காது. சொன்னேன். அவருக்கு அவ்வளவு திருப்தியில்லை.

அடுத்து நான் செய்தது அதைவிடப் பெரிய கூத்து. மீட்டரின் திருகியை 20 வோல்ட்டில் வைத்துவிட்டு, கருப்பு முள்ளை டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு போல்ட்டிலும் சிவப்பு முள்ளை 4ஆம் நம்பர் வயரிலும் வைத்தேன். பட்டென்று ஒரு பொறி, முள்ளின் நுனி கருகிவிட்டது, டோம் லைட் அணைந்தது. சிவப்பு முள் இன்னும் 10 ஆம்பியர் ஓட்டையிலேயே இருந்திருக்கிறது. அந்த ஓட்டையில் இருக்கும்போது மீட்டர் என்பது ஒரு தடித்த கம்பிதான், பேட்டரியை நேராக வண்டியின் உடம்போடு கோத்துவிட்டேன். நல்ல வேளை, வண்டியின் 15 ஆம்பியர் நீல ஃபியூஸ் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியது. தெருமுனைக் கடையில் பத்து ரூபாய். “4ஆம் நம்பர் என்னான்னு தெரிஞ்சிடுச்சு” என்றாள் ஒன்பதாவது படிக்கும் என் மகள். வாஸ்தவம்தான். சாவி இல்லாமலே பொறி பறந்தால் அது பேட்டரி வயராகத்தானே இருக்க முடியும்.

அதன் பிறகு நிதானம் வந்தது. சாவியை ஏசிசி நிலைக்கு, அதாவது எஞ்சின் ஓடாமல் ரேடியோ மட்டும் பாடுகிற நிலைக்கு, திருப்பியதும் 9ஆம் நம்பரில் 12.4 வோல்ட் வந்தது. உறுதி செய்ய ஒரு வழி உண்டு: ஸ்டார்ட் வரைக்கும் திருப்பிப் பிடித்தால் அந்த ஒரு நொடி ஏசிசி செத்துவிடும். செத்தது. பார்க் லைட்டைப் போட்டதும் 2ஆம் நம்பர் விழித்தது. இது டிஸ்ப்ளேயின் வெளிச்சத்தை இரவில் குறைப்பதற்கு, செட்டின் ஆரஞ்சு வயருக்கு உரியது. லைட் போட்டால்தான் பாட்டு வருகிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சாவி வயர் என்று நினைத்துச் சிவப்போடு முறுக்கியவர்கள்தான்.

பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரை மின்தடை அளக்கும் ஓம் பக்கம் திருப்பினோம். 7ஆம் நம்பருக்கும் வண்டியின் இரும்புக்கும் நடுவில் ஏறக்குறைய சைபர், ஆகவே அதுதான் எர்த். அது சிவப்பு நிறத்தில் இருந்தது என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

மீதி எட்டு. நாலு ஸ்பீக்கர், எட்டு முனை, கணக்கு சரியாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டேன். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் மீட்டரில் மூன்றரை ஓம் பக்கம் காட்ட வேண்டும். ஒவ்வொரு முனையாக மற்றவற்றோடு சேர்த்துப் பார்த்ததில் மூன்று ஜோடிதான் தேறியது. 10க்கும் 11க்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. பற்றும் வரவும் ஒத்துப்போகாத இருப்பாய்வு மாதிரி இடிக்கிறது.

பத்து நிமிஷம் விழித்தேன். “10ஐ பாடியோட பாருங்கப்பா” என்றாள் மகள். 3.6 ஓம்! வலது பின் ஸ்பீக்கரின் மைனஸ் வயரை டேஷ்போர்டு வரை இழுத்து வரச் சோம்பல்பட்டு, யாரோ பின்னாலேயே ஒரு திருகில் வண்டி இரும்போடு கட்டிவிட்டிருக்கிறார்கள். மிகப் பழைய செட்டுகளில் சிலவற்றுக்கு இது செல்லுபடி. இப்போது வரும் செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் ஆம்ப்ளிஃபயர் ஓட்டுகிறது. இரண்டிலுமே பேட்டரியில் பாதி, ஆறு வோல்ட் போல நிற்கும். அதில் ஒன்றை எர்த்தில் தொட்டால் செட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொள்ளும், இல்லையென்றால் புகை. ஒரு வாரமாக என் செட் எப்படிப் பாடியது என்று ஊதா வயர்களைப் பார்த்தேன். ஊதா இரண்டுமே எதிலும் சேராமல் டேப் சுற்றிக் கிடந்தன. வலது பின் ஸ்பீக்கர் அதுவரை பாடவே இல்லை, நாங்கள் யாரும் கவனிக்கவும் இல்லை.

இந்த இடத்தில் பெட்டியில் போட்டிருக்கும் ‘50 வாட் × 4’ பற்றி ஒரு வார்த்தை. ஓடும் வண்டியின் 14.4 வோல்ட்டை வர்க்கப்படுத்தி 4 ஓமால் வகுத்தால் 51.84 வருகிறது. அந்த ஐம்பது பிறந்த கதை அவ்வளவுதான், எந்தப் பாட்டும் அப்படி ஒலிக்காது. சீரான ஒலிக்கு அதில் பாதிகூடத் தேறாது. செட்டின் முதுகில் இருக்கும் ஃபியூஸ் 10 ஆம்பியர், 14.4ஆல் பெருக்கினால் 144. 144 வரவு வைத்துக்கொண்டு 200 செலவு காட்டினால் என் பிள்ளைகளுக்கு நான் மார்க் போட மாட்டேன்.

எந்த ஜோடி எந்த ஸ்பீக்கர் என்று கண்டுபிடிக்க ஒரு பென்சில் பேட்டரி போதும். 1.5 வோல்ட்டைத் தொட்டு எடுத்தால் ஸ்பீக்கர் ‘டப்’ என்னும். நான் முன்னால் தொட, மகள் பின் சீட்டில் மண்டியிட்டு, “இடது பின்னாடி… இப்ப உங்க கதவு…” என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பின் ஸ்பீக்கரின் வலை மூடியைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தால் காகிதக் கூம்பு நகர்வதும் தெரியும். பேட்டரியின் பிளஸ் தொட்ட முனை ஸ்பீக்கரின் பிளஸ்ஸாக இருந்தால் கூம்பு வெளியே வரும், மாறியிருந்தால் உள்ளே போகும். “அப்பா, இது உள்ள போகுது.” மாற்றிக் குறித்தேன். ஒன்று வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்தால் ஒன்றின் காற்றை இன்னொன்று தின்றுவிடும், தவில் சத்தமெல்லாம் தகர டப்பாவாகிவிடும்.

வலது பின்னுக்குப் புது மைனஸ் வயர் இழுக்கக் கதவோரப் பிளாஸ்டிக்கையும் பின் சீட்டையும் தூக்க வேண்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம். கிடைத்தது இரண்டு இரண்டு ரூபாய் நாணயம், ஒரு கொண்டை ஊசி.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் முன்பே வாங்கி வைத்திருந்த, கார் ஸ்டீரியோக்களுக்கான பொது அளவு ஐ.எஸ்.ஓ. சாக்கெட் ஜோடியைக் கார் பக்கம் பற்றவைத்தேன். அந்த முறைப்படி பவர் பிளக்கில் 4ஆவது பின் பேட்டரி, 7ஆவது சாவி, 8ஆவது எர்த். சில கார் கம்பெனிகள் 4ஐயும் 7ஐயும் மாற்றிப் போடுவதால், பல ஸ்டீரியோக்களின் மஞ்சளிலும் சிவப்பிலும் கழற்றி மாட்டுகிற இணைப்பு நடுவில் இருக்கும். என்னுடையதிலும் இருந்தது. கடைக்காரர் அதை வெட்டிவிட்டுத்தான் முறுக்கியிருந்தார்.

பற்றவைக்கும் முன் 9ஆம் நம்பரை எடுத்து மறுபடி ஒரு தடவை மீட்டரில் வைத்தேன். 3.5 ஓம் காட்டியது. டேப்பைத் திருப்பிப் பார்த்தால் அது 6. அடிக்கோடு போடாமல் எழுதியிருக்கிறேன். கவனிக்காமல் பற்றவைத்திருந்தால் நிஜமான 9 ஸ்பீக்கர் இடத்துக்குப் போய், ஆம்ப்ளிஃபயரின் வாயில் பன்னிரண்டு வோல்ட்டை நேராக ஊற்றியிருப்பேன். தேர்வுத்தாளில் பிள்ளைகளை இதற்காகத் திட்டுகிறவன் நான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாவற்றையும் மாட்டி, ஹீட் ஷ்ரிங்க் டியூபை லைட்டரால் சுருக்கி, ஆண்டெனாவைச் செருகி 101.4 வைத்தேன். நான்கு பக்கமும் பாடியது. சாவியை எடுத்தேன், அணைந்தது. கதவை மூடி மீட்டரை வைத்தால் 0.02. அம்மா வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, “பின்னாடி சத்தத்தைக் கொஞ்சம் குறைடா” என்றார்.

11ஆம் நம்பர் மட்டும் என்னவென்று இன்றுவரை தெரியவில்லை. சாவி, லைட், பிரேக், ரிவர்ஸ், வைப்பர் எதற்கும் அசையவில்லை, எதோடும் சேரவும் இல்லை. நுனியை மூடி, ‘அனாமத்து’ என்று சீட்டு ஒட்டி உள்ளே விட்டிருக்கிறேன்.