யாருக்குச் சொல்ல வேண்டும்?

"கடையில பருப்பு நிறுக்கக் குடுத்திட்டு நிக்கிறன் மிஸ், பின்னால அவன்ர குரல் கேக்குது."

என் மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு அந்தத் தாய் சொன்னது இது. வன்னியில் ஒரு பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தராக இருந்த காலம். அவவின் பிள்ளையைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்தவன்தான் அந்த 'அவன்'. மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கே பல ஆண்டுகள் இழுபட்ட வழக்கு. தண்டனை முடிந்து அவன் வெளியே வந்ததை அவவுக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை. பருப்பையும் விட்டுவிட்டு, வீட்டுக்கு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தேடினாவாம்.

அதுவரை, அமெரிக்காவில் இருப்பதுபோலப் பாலியல் குற்றவாளிகளின் பகிரங்கப் பதிவேடு இங்கேயும் வேண்டும் என்று வாதாடி வந்தவள் நான். 1994இல் நியூஜெர்சியில் மேகன் கான்கா என்ற 7 வயதுப் பிள்ளையைக் கொன்றவன் எதிர்வீட்டில் குடியிருந்தவன். முன்பும் சிறுமியர்மீது கைவைத்துத் தண்டனை பெற்றவன். அது தெரியாமல் போயிற்றே என்ற பெற்றோரின் போராட்டத்தில் பிறந்ததுதான் மேகன் சட்டம். 1996இல் நாடு முழுவதற்குமானது. அங்கே பெயரையும் படத்தையும் இணையத்தில் எவரும் பார்க்கலாம்.

இதைச் சொன்னபோது அவ தலையை ஆட்டினா. "அவன்ர பேரை ஒட்டினால் எங்கட பிள்ளையின்ர பேரை ஒட்டினது மாதிரித்தானே, மிஸ்."

என்னிடம் பதில் இருக்கவில்லை. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் பிரசுரிப்பதை எங்கள் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாக்குகிறது. ஆனால் நூறு குடும்பம் உள்ள ஊரில் அவன் பெயர் ஒன்றே போதும், பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். செய்தவன் மாமனாகவோ சித்தப்பனாகவோ இருந்துவிட்டால், பெயர் வெளியே வரும் என்ற பயத்திலேயே முறைப்பாட்டை விழுங்கிவிடுவார்கள். அப்படி விழுங்கிய வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

அதற்காக எல்லாவற்றையும் மூடிவைக்கவும் என் மனம் ஒப்பவில்லை. பாலியல் குற்றவாளிகள் பற்றி இந்தியா 2018இல் தொடங்கிய தேசியத் தரவுத்தளத்தைப் பொலிசார் போன்ற சட்ட அமுலாக்கத் துறையினர் மட்டுமே பார்க்க முடியும். இங்கிலாந்தில் தன் பிள்ளையோடு பழகும் ஒருவரைப் பற்றிப் பெற்றோர் பொலிசில் கேட்கலாம். ஆபத்திருந்தால் அவர்களுக்கு மட்டும் சொல்வார்கள். எங்களுக்கும் இப்படியொன்றுதான் வேண்டும். விடுதலைக்கு முன்பே அந்தத் தாயின் வீட்டுக்குப் போய் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகளோடு வேலைசெய்ய வருகிறவரின் நீதிமன்றப் பதிவைப் பார்க்காமல் வேலை கொடுக்கக்கூடாது.

முன்பு ஊரில் பாட்டனின் பெயரைக் கேட்டே ஆளை அறிந்துவிடுவார்கள். யுத்தத்தில் 2009வரை ஓடி, முகாமில் இருந்து, மீளக்குடியேறிய பிறகு பக்கத்து வளவுக்காரரின் பழைய கதை எவருக்குத் தெரியும்?

ஒருநாள் ரியூசன் கொட்டில் தொடங்க ஒருவர் கிராம அலுவலரின் நற்சான்றிதழோடு வந்தார். அவர்மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டாரா என்ற வரிக்கு நேரே, நீல மையில் 'இல்லை' என்றிருந்தது. எப்படித் தெரியும் என்று கிராம அலுவலருக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"அவரையே கேட்டுத்தான் எழுதினனான் தங்கச்சி. வேற ஆரைக் கேக்கிறது?"