புள்ளி வரி கட்டுகிற நாத்திகர்கள்

நாத்திகர்களுக்கும் ஒரு பொதுச் சின்னம் இருந்தால் நல்லது என்று சொல்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் வெளிநாட்டில் வேலை பார்க்கிற நம்ம ஊர்ப் பையன்கள்தான். சிலுவை இருக்கிறது, பிறை இருக்கிறது, விபூதிப் பட்டை இருக்கிறது, நமக்கு மட்டும் ஒன்றுமில்லையே என்கிறார்கள்.

ஒன்றுமில்லாமல் இல்லை. அமெரிக்க நாத்திகர் அமைப்பு 1963லேயே அணுவின் படத்தைச் சின்னமாக எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் கடவுள் இல்லாமலே நெறியோடு வாழலாம் என்கிற மனிதநேயர்கள் 1965ல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஒரு மனித உருவத்தை வரைந்து வைத்தார்கள். 2007ல் நாத்திகம் பேசுகிற விஞ்ஞானி ரிச்சர்ட் டாக்கின்ஸ் தரப்பில், ஏதீஸ்ட் என்பதற்காக, சிவப்பு நிறத்தில் ஆங்கில 'ஏ' எழுத்தைச் சட்டையில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். இங்கே அதைப் போட்டுக்கொண்டு போனால் சென்சார் சர்டிபிகேட்தான் ஞாபகத்துக்கு வரும், அது வேறு விஷயம். இதில் எனக்கு நியாயமாகப் படுவது ஒன்றுதான். அமெரிக்காவில் ராணுவ வீரர்களின் கல்லறைக் கல்லில் என்னென்ன சின்னம் செதுக்கலாம் என்று அரசே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அந்தப் பட்டியலில் அணுவும் இருக்கிறது. பக்கத்துக் கல்லில் சிலுவை இருக்கும்போது தன் கல்லில் தனக்கானது இருக்கட்டும் என்று ஒருவர் நினைத்தால் அதற்கு இடம் இருக்கிறது. சரி, அது தேவைதான்.

தமிழ்நாட்டில் நாம் இதையெல்லாம் அவர்களுக்கு முன்பே செய்து பார்த்தாகிவிட்டது. பெரியாரின் திராவிடர் கழகத்தார் போட்ட கருஞ்சட்டை. 1946 மே மாதம் மதுரையில் நடந்த கருஞ்சட்டை மாநாட்டின் பந்தலுக்கே தீ வைத்தார்கள், அந்தச் சட்டையைப் போடுவதற்கு அன்றைக்கு அவ்வளவு விலை இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கறுப்பு கடவுள் இல்லை என்பதற்காக வந்த நிறமே இல்லை. பிறப்பை வைத்து மனிதன்மேல் சுமத்திய இழிவுக்கான நிறம் அது, கழகக் கொடியின் நடுவிலுள்ள சிவப்பு வட்டம் அந்த இழிவு போக வேண்டும் என்பதற்கு. அதாவது ஒரு கோரிக்கை இருந்தது, கூட்டம் சேர்ந்தது, சட்டை அதற்குப் பிறகு வந்தது. இப்போது கார்த்திகை பிறந்துவிட்டால் காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டில் கறுப்புச் சட்டையோடு போய் நின்று பாருங்கள், டீக்கடையில் "சாமி, டீயா காப்பியா" என்றுதான் கேட்பார்கள்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பேசுகிற ஆண்களுக்கு இது தோன்றுவதே இல்லை. ஆம்பளைக்கு வெறும் நெற்றி என்பது அதிகபட்சம் அப்பத்தாவிடம் வாங்குகிற ஒரு திட்டு, "பாழ் நெத்தியா வந்து நிக்கிறான் பாரு" என்பதோடு முடிந்துவிடும். நான் பொட்டு இல்லாமல், கழுத்தில் ஒன்றும் இல்லாமல் ஒரு விசேஷ வீட்டுக்குள் நுழைந்தால் என்னை யாரும் நாத்திகர் என்று நினைக்க மாட்டார்கள். அவருக்கு என்ன ஆச்சு, எப்போ ஆச்சு என்று முற்றத்தில் ஒருவர் காதில் ஒருவர் விசாரிப்பார்கள். ஆகவே எதையும் போடாமல் இருப்பதே நம் அடையாளம் என்று சிலர் சொல்கிறார்களே, அதுவும் எல்லாருக்கும் பொதுவானது கிடையாது.

செட்டிநாட்டில் விஷயம் இன்னும் சிக்கல், ஏனென்றால் இங்கே கோவில் என்பது பாதிதான் சாமி. மீதி பாதி கணக்கு. நகரத்தார்களுக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, ஒன்பது நகரக் கோவில்கள், இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று. நீங்கள் எந்தக் கோவில் என்பதை வைத்துத்தான் யார் பங்காளி, யாரிடம் பெண் எடுக்கலாம் என்பதெல்லாம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கோவிலிலிருந்தும் பெண்ணின் கோவிலிலிருந்தும் மாலை வர வேண்டும், அப்போதுதான் கல்யாணம் கோவில் கணக்கில் ஏறும், அந்தத் தம்பதி ஒரு புள்ளி ஆவார்கள். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. (மனிதரை அரையாக எண்ணுகிற இந்தப் பழக்கத்தைப் பற்றித் தனியாக ஒருநாள் எழுத வேண்டும், கோபம் நிறைய இருக்கிறது.) என் அம்மான் ஒருத்தர் வாழ்நாள் முழுக்க சாமி கும்பிடாதவர், ஆனால் புள்ளிக்கு இவ்வளவு என்று கட்டுகிற புள்ளி வரியை ஒரு வருஷம்கூடப் பாக்கி வைத்ததில்லை, பங்காளிகள் கூடிப் படையல் போடுகிற படைப்புக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து பந்தியைக் கவனித்துக்கொண்டிருப்பார். அவருக்குச் சாமிதான் கிடையாது, பங்காளிகள் உண்டு. இந்த மனுஷனுக்கு ஒரு பேட்ஜ் எதற்கு?

பெரியார் குன்றக்குடி மடத்துக்குப் போனபோது அங்கே வைத்த விபூதியைத் தட்டாமல் ஏற்றுக்கொண்டார் என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். அந்த மடத்தின் தலைவரான குன்றக்குடி அடிகளாரோடு மேடையில் மோதியவர், பிறகு நண்பரானவர். நெற்றியில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத் தன் கொள்கை ஆட்டம் காணும் என்ற பயம் அவருக்கு இருந்த மாதிரி தெரியவில்லை.

அப்புறம், உண்மையிலேயே தேவைப்பட்டது எது என்று பார்த்தால் அது சட்டம். ஐயர் இல்லாமல் சடங்கு இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அது ஒரு ஆச்சிக்கும் செட்டியாருக்கும் நடந்த வழக்கு. கறுப்புச் சட்டை போட்டு, மேடையில் மாலை மாற்றி, பிள்ளை குட்டி பெற்று வாழ்ந்துகொண்டிருந்த எத்தனையோ பேருடைய கல்யாணம் அந்தத் தீர்ப்பால் கேள்விக்குறி ஆனது, சொத்துப் பிரச்சினை வந்தால் நிற்க இடம் கிடையாது. 1967ல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தார்கள். உறவினர், நண்பர்கள் முன்னால் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலே போதும், மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் போதும், அதற்கு முன் அப்படி நடந்த கல்யாணங்களும் செல்லும். சட்டை இல்லாமல் அந்தக் கூட்டம் கலையாமல் நின்றிருக்குமா, கூட்டம் இல்லாமல் இந்தச் சட்டம் வந்திருக்குமா என்று கேட்டால், வந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் சின்னம் கேட்கிற பையன்களிடம் நான் திருப்பிக் கேட்பது, உங்களுக்கு இப்போது என்ன வேண்டும், எதைக் கேட்பதற்காக ஒன்று சேரப் போகிறீர்கள் என்று. இதுவரை யாரும் உருப்படியாகப் பதில் சொன்னதில்லை.

கேட்பதற்கு இல்லாமலும் இல்லை. கோவில் மாலை வேண்டாம், மேடையில் நாங்களே மாலை மாற்றிக்கொள்கிறோம், ஆனால் எங்களையும் ஒரு புள்ளியாக எழுதுங்கள் என்று ஒரு ஜோடி நகரக் கோவிலில் போய்க் கேட்கட்டும். பெரிய ரகளை ஆகும். அவர்களோடு நானும் போய் நிற்பேன், ஸ்டிக்கர் பொட்டு வைத்துக்கொண்டுதான்.