பட்டு வியாபாரி வைத்த கெடு: லைப்சிக் கலைக்கூடத்தின் கதை

ஜெர்மனியின் பெயர்பெற்ற கலைக்கூடங்கள் பல, அரசர்கள் சேர்த்துவைத்ததிலிருந்து வந்தவை. டிரெஸ்டன் நகரத்துக்கு அப்படிச் சாக்சனி மன்னர்கள் இருந்தார்கள். லைப்சிக் வணிகர்களும் பதிப்பாளர்களும் வாழ்ந்த ஊர். 1837-இல் அவர்கள் கூடி ஒரு கலைச் சங்கம் தொடங்கினார்கள். 1848 டிசம்பரில் ஒரு பள்ளிக் கட்டிடத்தில், சுமார் 100 படைப்புகளோடு நகர அருங்காட்சியகம் திறந்தது.

அதை நிலைக்கவைத்தது ஒரு உயில். பட்டு வியாபாரி அடால்ஃப் ஹைன்ரிக் ஷ்லெட்டர் 1853 டிசம்பரில் இறந்தபோது, தன் சேகரிப்பை நகரத்துக்கு எழுதிவைத்திருந்தார். ஒரே நிபந்தனை: ஐந்து வருடத்துக்குள் தனிக் கட்டிடம் எழும்ப வேண்டும். 1858 டிசம்பரில், கெடு முடியும் தறுவாயில், அகஸ்டஸ் சதுக்கத்தில் புதுக் கட்டிடம் திறந்தது. ‘நல்லபடியாகப் பாதுகாக்கவும்’ என்று மட்டும் எழுதியிருந்தால் நகர மன்றம் சாவகாசமாகத் தள்ளிப்போட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். நன்கொடை தருபவர் தேதி குறிப்பிட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கொடுப்பவரின் ரசனையும் கூடவே வந்துவிடும். ஷ்லெட்டருக்குப் பிரெஞ்சு ஓவியங்கள் பிடிக்கும். அப்படி வந்ததுதான் பால் டெலரோஷ் 1845-இல் வரைந்த நெப்போலியன்: 1814 மார்ச் 31, ஃபோன்டென்ப்ளோ அரண்மனை, சேறு படிந்த பூட்ஸோடு நாற்காலியில் சரிந்து கிடக்கிறார். அதற்கு முந்தைய அக்டோபரில் அவர் பெருந்தோல்வி கண்டது இதே லைப்சிக்கில். அந்த ஊரிலேயே இந்தப் படம் தொங்குவது பொருத்தம்தான்.

பிறகு வந்தவை அடிகள். 1937-இல் நாஜிகள் ‘சீரழிந்த கலை’ என்று முத்திரை குத்தி 394 படைப்புகளைப் பறித்தார்கள். பெரும்பாலும் அச்சோவியங்களும் கோட்டோவியங்களும். 1943 டிசம்பர் 4 அன்று குண்டுவீச்சில் கட்டிடம் அழிந்தது. படைப்புகளில் பெரும்பகுதியை முன்கூட்டியே வெளியே கொண்டுபோயிருந்ததால் அவை தப்பின. 1952 முதல் பழைய உச்ச நீதிமன்றக் கட்டிடத்தில் குடியிருப்பு. நீதிமன்றத்துக்கே அது திரும்பத் தேவைப்பட்டதால் 1997-இல் காலிசெய்ய வேண்டியதாயிற்று. கண்ணாடி போர்த்திய இப்போதைய கட்டிடம் திறந்தது 2004 டிசம்பர் 4, அழிந்த அதே தேதியில்.

போனால் அவசரப்படாமல் பார்க்க வேண்டியது, அதே ஊரில் பிறந்த சிற்பி மாக்ஸ் கிளிங்கர் செய்த, இசையமைப்பாளர் பீத்தோவனின் சிலை (1902). சுமார் 3 மீட்டர் உயரம். உடல் வெள்ளைப் பளிங்கு, கழுகு கறுப்புப் பளிங்கு, சிம்மாசனம் வெண்கலம், அதன் விளிம்பில் தந்தத்தில் சின்னச்சின்ன தேவதை முகங்கள். முன்னால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம். சிம்மாசனத்தின் முதுகில் சிலுவைக் காட்சி புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. இப்படிப் பல பொருள் கலந்த சிற்பத்தைப் பராமரிப்பது பெரும்பாடு. தந்தம் காற்றின் ஈரப்பதம் ஏறி இறங்கினால் விரிந்து சுருங்கி வெடிக்கும். கல்லும் வெண்கலமும் அதோடு சேர்ந்து அசையாது.

ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கின் ‘வாழ்வின் பருவங்கள்’ அருகில் போய்ப் பார்க்க வேண்டிய படம்: கரையில் ஐந்து பேர், கடலில் ஐந்து கப்பல்கள்.

ஓவியங்கள் ஏறத்தாழ 3,500, சிற்பங்கள் 1,000, காகிதப் படைப்புகள் 60,000. கடைசி வகையில் ஒரு சமயத்தில் மிகச் சிலதான் கண்ணில் படும். காகிதத்தை வெளிச்சம் மஞ்சளாக்கும், மையை வெளிறவைக்கும், அந்தச் சேதம் திரும்பச் சரியாகாது. அதனால் இத்தகைய தாள்களுக்கு உலகெங்கும் சுமார் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சமே வைப்பார்கள்; சில மாதம் காட்டிவிட்டு, வருடக்கணக்கில் இருட்டில் ஓய்வு கொடுப்பார்கள். அறை மங்கலாக இருந்தால், கண் பழகும்வரை ஓரிரு நிமிடம் நின்றுவிட்டுப் பாருங்கள்.